வாயிலுள்ள குறள் வாழ்விலும் உள்ளதா?

புலம்பெயர்ந்த தமிழர் செறிந்து வாழும் நகரங்களில் திருக்குறள் மனனப் போட்டி ஒரு மரபாகவே நிலைபெற்றுவிட்டது. ரொறன்ரோ, இலண்டன், பரிஸ், ஒஸ்லோ, சிட்னி எனப் பல இடங்களிலும் பிள்ளைகள் பாலர் பிரிவு, கீழ்ப்பிரிவு, மத்திய பிரிவு, மேற்பிரிவு என்று வகுக்கப்பட்டு, மேடையேறிக் குறள்களை ஒப்புவிக்கின்றனர். வார நாட்களில் ஆங்கிலத்திலோ பிரெஞ்சு மொழியிலோ நோர்வேஜிய மொழியிலோ சிந்தித்துப் பேசும் ஒரு பிள்ளை, வார இறுதியில் ஏழு சீர்களைப் பிழையின்றி உச்சரிப்பது சிறிய செயலன்று. அதன் பின்னே தாயின் உறக்கமும் தந்தையின் ஓய்வும் தமிழ்ப் பாடசாலை ஆசிரியரின் ஊதியமற்ற உழைப்பும் இருக்கின்றன. இவ்வுழைப்பை எள்ளி நகையாடுவோர் அதன் அருமையை அறியாதோரே.

ஆயினும், கேட்டே ஆகவேண்டிய வினா ஒன்று உண்டு. போட்டி முடிந்து, கேடயம் வரவேற்பறையின் கண்ணாடி அலுமாரியில் ஏறிய பின்னர், அக்குறள்கள் எங்கே செல்கின்றன? பத்து வயதில் ஐம்பது குறள்களை ஒப்புவித்த பிள்ளை, பதினெட்டு வயதில் அவற்றுள் எத்தனையை நினைவில் வைத்திருக்கின்றது? நினைவில் இருப்பவற்றுள் எதனையேனும் தன் வாழ்வின் ஒரு முடிவுக்குத் துணையாகக் கொண்டிருக்கின்றதா? இவ்வினாக்களுக்குப் பெரும்பாலான இல்லங்களில் கிடைக்கும் விடை மகிழ்ச்சி தருவதன்று. பொருளும் குறளைப் போலவே மனனம் செய்யப்படுவதே இதற்குக் காரணம். குறளை ஒப்புவித்து, அதனைத் தொடர்ந்து உரையாசிரியரின் சொற்களையும் ஒப்புவிக்கும் பிள்ளைக்கு, இரண்டுமே புரியாத மந்திரங்களாகின்றன. மந்திரம் அச்சத்தினாலோ பற்றினாலோ காக்கப்படும். அறிவுரையோ புரிதலினால் மட்டுமே காக்கப்படும்.

வள்ளுவரைத் தமிழில் வாசிக்கக்கூடிய கடைசித் தலைமுறையாகவே இப்பிள்ளைகள் சில குடும்பங்களில் அமைந்துவிடலாம். ஆகவே இது ஒரு போட்டியின் நடைமுறை பற்றிய சிறு குறையன்று. ஒரு மக்கள் கூட்டம் தன் அறிவுச் செல்வத்தைக் கையளிக்கின்றதா, அல்லது அதன் ஒலியை மட்டும் கையளிக்கின்றதா என்பதே இங்குள்ள வினா.

புகழ்ச்சி என்னும் திரை

திருக்குறளின் பெருமையை எடுத்துரைப்பதில் தமிழர் எவருக்கும் சளைத்தவரல்லர். 133 அதிகாரங்கள், 1330 குறள்கள் என்பது பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். வீரமாமுனிவர் 1730ஆம் ஆண்டு அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்ததும், ஜி.யு. போப் 1886இல் நூல் முழுவதையும் ஆங்கிலத்தில் தந்ததும் மேடைகள் தோறும் முழங்கப்படுகின்றன. கன்னியாகுமரியில் 2000ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் திறக்கப்பட்ட சிலை 133 அடி உயரமுடையது. அதன் பீடம் 38 அடி. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களின் மேல் பொருளும் இன்பமும் நிற்கின்றன என்பதே அச்சிலையின் குறிப்பு. எண்ணிப் பார்த்தால் இது அழகிய செய்தி. ஆனால் அடிகளை எண்ணுவோர் பலர். அறமே அடித்தளம் என்ற செய்தியை எண்ணுவோர் சிலர்.

புகழ்ச்சி ஒரு திரையாக மாறும் இடம் இதுவே. ஒரு நூலை உலகப் பொதுமறை என்று வாழ்த்திவிட்டால் அதனை வாசிக்க வேண்டிய கடமை முடிந்துவிட்டதாக ஓர் எண்ணம் தோன்றுகின்றது. வள்ளுவரோ தம்மை வாழ்த்துமாறு எங்கும் கேட்டாரல்லர். அவருடைய நூலில் எந்த அரசனின் பெயரும் இல்லை. எந்த ஊரின் பெயரும் இல்லை. தமிழ் என்ற சொல்கூட அந்நூலில் வருவதில்லை என்பதை அறிஞர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஊரையும் வேந்தனையும் சாராது வாழ்வைச் சார்ந்து எழுதப்பட்ட நூல் என்பதனாலேயே, ஊரை இழந்து வந்தவர்களாலும் அதனைத் தம்முடன் எடுத்துவர முடிந்தது. பெட்டியில் இடமில்லாதவரும் நெஞ்சில் எடுத்துவரக்கூடிய நூல் அது.

கேள்வியின்றி ஏற்பதை வள்ளுவர் விரும்பினார் என்று கொள்ளவும் இடமில்லை. அறிவுடைமை அதிகாரத்தில், 423ஆம் குறளில், ஒரு செய்தி யார் வாயிலிருந்து வந்தாலும் அதன் உண்மையைத் தேர்ந்து காண்பதே அறிவு என்கின்றார். மெய்யுணர்தல் அதிகாரத்தின் 355ஆம் குறளில், ஒரு பொருள் எத்தகைய தோற்றம் கொண்டிருந்தாலும் அதன் உண்மையை நோக்க வேண்டும் என்கின்றார். யார் வாயிலிருந்து வந்தாலும் என்பதில் வள்ளுவரின் வாயும் அடங்கும் அன்றோ? "இக்குறள் இன்றைக்குப் பொருந்துமா?" என்று கேட்கும் பதினைந்து வயதுப் பெண்பிள்ளை வள்ளுவரை அவமதிக்கவில்லை. அவர் சொன்னதையே செய்கின்றாள். அவளை அடக்கும் பெரியவரே 423ஆம் குறளை மறந்தவராகின்றார்.

கற்றவனுக்கு எல்லா நாடும் சொந்தம் என்றால்

புலம்பெயர் இளையோரின் உள்ளத்தை நேரே தொடக்கூடிய குறள் 397ஆவது குறளாகும். கற்றவனுக்கு எந்த நாடும் தன் நாடாகும், எந்த ஊரும் தன் ஊராகும். அவ்வாறிருக்க ஒருவன் சாகும்வரை கல்லாது காலங்கழிப்பது ஏன் என்று அது வினவுகின்றது. பெற்றோர் இதனைப் பெரும்பாலும் ஒரே பொருளில் எடுத்தாள்கின்றனர். நன்றாகப் படி, மருத்துவராகவோ பொறியியலாளராகவோ வா, எங்கும் மதிப்போடு வாழலாம் என்பதே அவர்கள் காணும் பொருள்.

இளையோர் சிலருக்கு இப்பொருள் ஓர் ஐயத்தைத் தருகின்றது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஆசிரியராகவும் கணக்காளராகவும் இருந்த எத்தனையோ பேர், அகதிகளாக வந்த நாட்டில் உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவினர். அவர்களுடைய சான்றிதழ்களை எவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. கற்ற தந்தைக்கு இந்நாடு சொந்த நாடாகவில்லையே, வள்ளுவர் சொன்னது பொய்த்துவிட்டதா என்று ஒரு மகன் கேட்டால், அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை பெரியோருக்கு உண்டு.

பதில் அக்குறளிலேயே இருக்கின்றது. சாகும்வரை என்று வள்ளுவர் வைத்த எல்லையைக் கவனித்தல் வேண்டும். கல்வி ஒரு சான்றிதழோடு முடிவதாக அவர் கருதியிருப்பாராயின் அவ்வெல்லையை வைத்திருக்கத் தேவையில்லை. ஒரு நாட்டைத் தன் நாடாக்குவது முன்பு கற்ற கல்வி மட்டுமன்று. அந்நாட்டில் வந்திறங்கிய பின்னரும் தொடரும் கல்வியே அதனைச் செய்கின்றது. அந்நாட்டின் மொழி, சட்டம், தேர்தல் முறை, உழைப்பவரின் உரிமைகள், அம்மண்ணின் முதற்குடிகளுக்கு நேர்ந்த அநீதி ஆகியவற்றைக் கற்றவனுக்கே அந்நாடு மெல்ல மெல்லத் தன் நாடாகின்றது. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் முதற்குடிகள் நிலத்தையும் மொழியையும் இழந்த வரலாற்றைக் கற்கும் தமிழ் இளைஞன், தன் பெற்றோரின் இழப்பையும் தெளிவாக உணர்கின்றான்.

இவ்வாறு பொருள் கொண்டால் இக்குறள் பிள்ளைகளை நோக்கி மட்டும் நீட்டப்பட்ட விரலாக இராது. முப்பது ஆண்டுகள் வாழ்ந்த பின்னரும் அரசாங்கக் கடிதத்தைப் படிக்கப் பிள்ளையை அழைக்கும் பெற்றோரையும் அது நோக்கும். இரண்டு வேலை செய்து குடும்பத்தைக் காத்தவர்களுக்கு அன்று கற்க நேரமிருக்கவில்லை என்பது உண்மை. அதனைக் குற்றமாகக் கூறுதல் நன்றிகெட்ட செயல். ஆயினும் ஓய்வு கிடைத்த பின்னர் கற்கத் தொடங்கும் ஐம்பத்தைந்து வயதுத் தாய், அக்குறளுக்குத் தன் பிள்ளைக்குக் காட்டக்கூடிய மிகச்சிறந்த உரையை எழுதுகின்றாள்.

மக்கள் என்ற சொல்லில் மகள் இல்லையா?

உரையை அப்படியே மனனம் செய்வதிலுள்ள இடரை ஓர் எடுத்துக்காட்டு நன்கு விளக்கும். நூலின் ஏழாம் அதிகாரம் பிள்ளைகளைப் பெறுதல் பற்றியது. கிடைக்கும் உரைகளுள் பழமையானதாகக் கருதப்படும் மணக்குடவர் உரையில் அதன் பெயர் மக்கட்பேறு. ஆறுமுக நாவலர் அச்சிட்டுப் பரப்பியதும், கற்றோரிடையே பெருமதிப்புப் பெற்றதுமான பரிமேலழகர் உரையில் அதன் பெயர் புதல்வரைப் பெறுதல். அவ்வதிகாரத்தின் முதற்குறளான 61ஆம் குறள், அறிவுடைய மக்களைப் பெறுவதனைவிட மேலான பேறு வேறில்லை என்கின்றது. மக்கள் என்ற சொல் ஆண், பெண் இருபாலாரையும் குறிக்கும். பரிமேலழகரோ, அறிவு என்ற அடை இருப்பதனால் அச்சொல் இங்கே பெண்ணை விலக்கி நின்றது என்று உரை கண்டார்.

பரிமேலழகரின் புலமை ஐயத்துக்கு இடமற்றது. அவருடைய இலக்கண நுட்பமும் சொல்லாட்சியும் இன்றும் வியக்கத்தக்கவை. ஆயினும் அவர் தம் காலத்தின் மனிதர். பெண்ணுக்கு அறிவு உரியதன்று என்ற அக்காலத்து எண்ணம், மூலத்தில் இல்லாத ஒரு வேலியை அவருடைய உரையில் இட்டது. இதனை அறியாத ஆசிரியர் வேலியையும் சேர்த்துக் கற்பிக்கின்றார். அறிந்த ஆசிரியரோ மூலத்தையும் உரையையும் அருகருகே வைத்து, எச்சொல் வள்ளுவருடையது, எக்கருத்து உரையாசிரியருடையது என்று பிள்ளைகளையே காணச் செய்கின்றார். அவ்வகுப்பில் அமர்ந்திருக்கும் பெண்பிள்ளை அன்று தமிழை விட்டு விலகமாட்டாள். ஒரு நூலை எவ்வாறு வாசிக்க வேண்டும் என்பதனையும் அன்றே கற்றுக்கொள்கின்றாள்.

எல்லாப் பழியையும் உரையாசிரியர் மேல் ஏற்றுவதும் நேர்மையாகாது. அவ்வதிகாரத்திலேயே 67, 69 ஆகிய குறள்கள் மகன் என்றே பேசுகின்றன. பெண்வழிச்சேறல் போன்ற அதிகாரங்கள் இன்றைய இளையோருக்கு இடறலாகவே இருக்கும். இவற்றை மறைத்துவிட்டு, வேண்டியவற்றை மட்டும் தேர்ந்து கற்பிப்பது பலருடைய வழக்கம். மறைக்கப்பட்டது ஒருநாள் பல்கலைக்கழக நூலகத்தில் வெளிப்படும்போது, பிள்ளை வள்ளுவரை மட்டுமன்றிக் கற்பித்தவரையும் நம்பாது போகும். காலத்துக்கு உட்பட்டது இது, காலத்தைக் கடந்து நிற்பது இது என்று பகுத்துக் காட்டுவதால் நூலின் பெருமை குன்றாது. பகுத்துப் பார்த்த பின்னரும் எஞ்சி நிற்பது மலையளவு என்பதே அதன் பெருமை.

67ஆம் குறளில் இன்னொரு செய்தியும் உண்டு. தந்தை பிள்ளைக்குச் செய்யக்கூடிய நன்மை, கற்றோர் அவையில் முதன்மை பெற்றிருக்கும் தகுதியை உண்டாக்குவதே என்கின்றார் வள்ளுவர். வீடு வாங்கிக் கொடுப்பதை அவர் சொல்லவில்லை. 69ஆம் குறளில், தன் பிள்ளை சான்றோன் என்று பிறர் சொல்லக் கேட்கும்போதே தாய் பெரிதும் மகிழ்கின்றாள். எவ்வளவு சம்பாதிக்கின்றான் என்ற கேள்வியே அங்கில்லை. புலம்பெயர் இல்லங்களில் விருந்தினர் முன்னிலையில் பிள்ளைகள் எவ்வாறு அறிமுகப்படுத்தப்படுகின்றனர் என்பதை ஒவ்வொரு பெற்றோரும் ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம்.

மேடையில் ஒரு குறள், திருமணப் பேச்சில் வேறொன்று

போட்டிகளில் மிகுதியாக ஒலிக்கும் குறள்களுள் ஒன்று 972ஆவது. பிறப்பினால் எல்லா உயிரும் ஒத்தவை, செய்யும் தொழிலின் வேறுபாட்டினாலேயே சிறப்பில் வேறுபாடு தோன்றும் என்பது அதன் கருத்து. பாலர் பிரிவுப் பிள்ளை மழலை மாறாக் குரலில் இதனைச் சொல்லும்போது அரங்கம் கைதட்டுகின்றது. வேற்று இனத்தவர் முன்னிலையில், இன்ன காலத்திலேயே சமத்துவம் பேசிய இனம் எனப் பெருமையோடு எடுத்துக்காட்டப்படுவதும் இக்குறளே.

அதே பிள்ளை இருபத்தேழு வயதில் தன் மனத்துக்கிசைந்த ஒருவரை இல்லத்துக்கு அழைத்துவரும்போது, "அவர்கள் ஊரில் எந்தப் பக்கம்?" என்ற கேள்வி எழுகின்றது. ஊரைக் கேட்பது போல ஒலிக்கும் இக்கேள்வி உண்மையில் எதனைக் கேட்கின்றது என்பதைத் தமிழர் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. கடல் கடந்து வந்தபோது காணியும் வீடும் விடுபட்டன. சாதி மட்டும் விடுபடவில்லை. திருமண விளம்பரங்களில் அது சில இடங்களில் வெளிப்படையாகவும், சில இடங்களில் குறிப்பாகவும் இன்றும் இடம்பெறுகின்றது. நிறத்தின் பெயராலும் பிறந்த நாட்டின் பெயராலும் தமக்கு வேலை மறுக்கப்பட்டபோது அநீதி என்று கொதித்தவர்களே, தம் வீட்டு வாசலில் பிறப்பைக் கேட்கின்றனர்.

இளையோர் இம்முரண்பாட்டைக் காணாதவரல்லர். பலர் அதனைப் பேசாது விலகிச் செல்கின்றனர். அவர்கள் விலகுவது தமிழிலிருந்து என்று பெற்றோர் வருந்துகின்றனர். உண்மையில் அவர்கள் விலகுவது சொல்லுக்கும் செயலுக்கும் இடையிலுள்ள பிளவிலிருந்தே. 972ஆம் குறளைப் பிள்ளைக்குக் கற்பிக்கும் பெற்றோர், அதனை என்றோ ஒருநாள் தம் இல்லத்தில் நடைமுறைப்படுத்த வேண்டிவரும் என்பதை உணர்ந்தே கற்பித்தல் வேண்டும். அதற்கு ஆயத்தமில்லையெனில் கைதட்டுவதையேனும் நிறுத்திக்கொள்ளலாம்.

உட்பகை அதிகாரம் யாருக்கு எழுதப்பட்டது?

பொருட்பாலை அரசர்க்குரியதென்று ஒதுக்குவோர் உளர். அமைப்புகள் நடத்துவோர் அனைவருக்கும் உரியது அது. 735ஆம் குறள், பல குழுக்களும், உள்ளிருந்தே பாழ்செய்யும் பகையும், வேந்தனை வருத்தும் கொலைக் குறும்பரும் இல்லாததே நாடு என்கின்றது. நாட்டுக்குச் சொன்னது சங்கத்துக்கும் பொருந்தும். ஒரே நகரில் இரண்டு பொங்கல் விழா, மூன்று பழைய மாணவர் சங்கம், ஒரே நாளில் இரு மண்டபங்களில் இரு நினைவேந்தல் எனப் பிரிந்து நிற்கும் காட்சி எந்நாட்டுத் தமிழருக்கும் புதிதன்று. பிரிவுக்குக் காரணம் சில வேளைகளில் கொள்கை. பல வேளைகளில் தலைவர் பதவி.

உட்பகை என்றே ஓர் அதிகாரத்தை வள்ளுவர் அமைத்தார். செப்பும் அதன் மூடியும் போலப் புறத்தே பொருந்தியிருந்தாலும் உள்ளத்தே பொருந்தாதவர்களை 887ஆம் குறள் காட்டுகின்றது. அரத்தினால் அராவப்படும் இரும்பைப் போலக் குடி தேய்ந்து போகும் என்று அடுத்த குறள் எச்சரிக்கின்றது. எள்ளின் பிளவளவு சிறிதாயினும் அதனுள் கேடு உண்டு என்கின்றது அதற்கடுத்தது. உள்ளம் பொருந்தாதவரோடு வாழ்வது ஒரு குடிசைக்குள் பாம்போடு வாழ்வதற்கு ஒப்பாகும் என்று அதிகாரம் முடிகின்றது. அரம் இரும்பை ஒரே நாளில் அறுப்பதில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு சிறு தேய்வு. பதினைந்து ஆண்டுகளின் பின்னர் திரும்பிப் பார்க்கும்போதே இரும்பு மெலிந்திருப்பது தெரிகின்றது. அதற்குள் இளையோர் அறையை விட்டு வெளியேறிவிடுகின்றனர்.

இதற்கு மருந்தும் வள்ளுவரிடம் உண்டு. ஒற்றுமை என்ற பெயரால் எல்லோரையும் வாய்மூடச் செய்வது அம்மருந்தன்று. இடித்துரைப்பாரைத் துணையாகக் கொள்ளாத மன்னன், கெடுப்பார் எவருமில்லாவிடினும் தானே கெடுவான் என்கின்றது 448ஆம் குறள். காதுக்குக் கசக்கும் சொல்லைப் பொறுத்துக்கொள்ளும் பண்புடைய வேந்தனின் குடையின்கீழ் உலகு தங்கும் என்கின்றது 389ஆம் குறள். கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்கும் இளைஞனைத் துரோகி என்று அழைக்கும் சங்கம், இவ்விரு குறள்களையும் தன் சுவரிலிருந்து இறக்கி வைத்துவிட வேண்டும். கேள்வி கேட்பவன் உட்பகைவனல்லன். கேள்வியைக் கேட்காது சிரித்துக்கொண்டே விலகிச் செல்பவனால் விளையும் இழப்பே பெரிது.

பொறுத்தலும் நீதி கேட்டலும்

ஈழத்தமிழ் இளையோர் பலரை வருத்தும் வினா இன்னொன்று உண்டு. தமக்குத் தீங்கு செய்தவரையும் நாணுமாறு அவர்க்கு நன்மை செய்துவிட வேண்டும் என்கின்றது 314ஆம் குறள். 2009 மே மாதத்தில் போர் முடிவுற்றது. இறுதிக்கட்டத்தில் பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பதற்கான நம்பத்தக்க குற்றச்சாட்டுகள் உண்டு என்று ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் அறிக்கையிட்டது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017இல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்தில் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. பிள்ளைகளைத் தேடியபடியே கண்மூடிய தாய்மாரும் உளர். அத்தாய்மாரிடம் 314ஆம் குறளைச் சொல்லி, மறந்துவிடுங்கள் என்று கூறலாமா?

கூறலாகாது. கூறுவோர் நூலை அரைகுறையாகப் படித்தவராவர். 314ஆம் குறள் அறத்துப்பாலில், துறவறவியலில், இன்னா செய்யாமை அதிகாரத்தில் உள்ளது. அது தனிமனிதனின் நெஞ்சுக்குச் சொல்லப்பட்டது. பழிக்குப் பழி என்ற தீயில் தன்னையே எரித்துக்கொள்ளாதே என்பது அதன் உட்கிடை. அரசுக்கு வள்ளுவர் சொன்னதோ வேறு. செங்கோன்மை அதிகாரத்தின் முதற்குறளான 541ஆம் குறள், குற்றத்தை ஆராய்ந்து, எவரிடத்தும் முகம்பார்க்காது, நடுவுநிலையில் நின்று, செய்யத்தக்கதைத் தேர்ந்து செய்வதே நீதி என்று வரையறுக்கின்றது. அதற்கடுத்த கொடுங்கோன்மை அதிகாரத்தில், 555ஆம் குறள், துன்பம் பொறுக்கமாட்டாது மக்கள் வடிக்கும் கண்ணீரே ஆட்சியின் செல்வத்தைத் தேய்த்தழிக்கும் படை என்கின்றது.

ஆகவே தனிமனிதன் வன்மம் வளர்க்காதிருத்தலும், அரசு விசாரணை நடத்தித் தீர்ப்பளித்தலும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல. முன்னது பாதிக்கப்பட்டவரின் விருப்பத்துக்கு விடப்பட்ட அறம். அதனை அவரிடம் கட்டளையாகக் கேட்க எவருக்கும் உரிமையில்லை. பின்னது ஆள்வோரின் தப்பமுடியாத கடமை. முன்னதைக் காட்டிப் பின்னதைத் தட்டிக்கழிப்போருக்கு வள்ளுவரிடம் இடமில்லை. அதேபோல, நீதி கேட்கின்றோம் என்ற பெயரால் சிங்கள மக்கள் அனைவரையும் வெறுக்குமாறு பிள்ளைகளுக்குக் கற்பிப்போருக்கும் அவரிடம் இடமில்லை. இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்த இளைஞன், பாராளுமன்ற உறுப்பினர் முன்னிலையிலும் சக மாணவர் முன்னிலையிலும் தன் மக்களின் வழக்கைத் தலைநிமிர்ந்து எடுத்துரைக்க வல்லவனாவான். சினமும் தெளிவும் ஒன்றல்ல என்பதை அவன் அறிந்திருப்பான்.

செய்யத்தக்கவை

குறை கூறுவதோடு நின்றுவிடாது, இயலக்கூடிய சிலவற்றையும் எண்ணிப் பார்த்தல் நலம். மனனப் போட்டியை ஒழிக்கத் தேவையில்லை. சிறுவயதில் நெஞ்சில் பதிந்த ஒலி, பொருள் விளங்கும் காலம்வரை காத்திருக்கும் விதையாகும். ஆனால் மத்திய பிரிவுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் ஐம்பது குறள்களைக் கேட்பதற்கு மாறாக ஐந்தைக் கேட்கலாம். அவ்வைந்துக்கும் தம் சொற்களில் பொருள் சொல்லவும், தம் பள்ளியிலோ தெருவிலோ கண்ட ஒரு நிகழ்வோடு பொருத்திக் காட்டவும், உடன்படாத இடத்தில் ஏன் உடன்படவில்லை என்று வாதிடவும் புள்ளி வழங்கலாம். நன்றாக மறுத்துப் பேசிய பிள்ளைக்கும் ஒரு கேடயம் உண்டு என்று அறிவிக்கும் நாளில், அரங்கின் பின்வரிசையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளையோர் தலைநிமிர்வர்.

மொழிபெயர்ப்பு இன்னொரு வழியாகும். தமக்கு இயல்பாக வரும் மொழியில் ஒரு குறளைப் பெயர்க்குமாறு பிள்ளையிடம் கேட்டால், முதற்சொல்லிலேயே சிந்தனை தொடங்கிவிடும். அறம் என்பதற்கு நிகரான ஒற்றைச்சொல் ஆங்கிலத்திலும் இல்லை, பிரெஞ்சிலும் இல்லை. நன்றி என்ற சொல் இன்று நன்றி கூறுதலைக் குறிக்கின்றது. 67ஆம் குறளிலோ அது நன்மை என்ற பொருளில் வருகின்றது. இத்தகைய இடர்ப்பாடுகளில் மோதும் பிள்ளை, வீரமாமுனிவரும் போப்பும் மோதிய அதே பாறையில் மோதுகின்றது. அகராதியைப் புரட்டி, பாட்டியிடம் கேட்டு, ஆசிரியரோடு வாதிட்டு அது காணும் பொருள், மனனம் செய்த பொருளைப் போல மறந்துபோகாது.

மூன்றாவது வழி இல்லத்துக்குரியது. மாதத்துக்கு ஒரு குறள் போதும். உணவு மேசையில் அது பேசப்படட்டும். பெற்றோர் விளக்குவதும் பிள்ளைகள் கேட்பதுமாக அன்றி, இருவரும் அக்குறளின் முன்னே சமமாக அமரட்டும். இம்மாதம் இனியவை கூறல் என்றால், பிள்ளை தம்பியிடம் பேசியது மட்டுமன்றி, தந்தை தாயிடம் பேசியதும் அங்கே அளக்கப்படட்டும். தம்மையும் அளக்க இசையும் பெற்றோரின் சொல்லுக்கே பிள்ளைகளிடம் மதிப்பு உண்டாகும்.

சொல்லுதல் எவர்க்கும் எளிது, சொன்னவாறு செய்து முடித்தலே அரிது என்பது 664ஆம் குறளின் கருத்து. வினைத்திட்பம் என்ற அதிகாரத்தில் உள்ள இக்குறளும் போட்டிகளில் ஒப்புவிக்கப்படுகின்றது. நடுவராக அமர்ந்திருப்போரும், கைதட்டுவோரும், கேடயம் வழங்குவோரும் அதனைக் கேட்டுக்கொண்டே இருக்கின்றனர். ஒப்புவித்தது பிள்ளை. அக்குறள் பேசியது அரங்கிலிருந்த பெரியோரிடம். புலம்பெயர் மண்ணில் தமிழ் எத்தனை தலைமுறை வாழும் என்பது, அப்பெரியோர் அதனைக் கேட்டார்களா என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது.